சித்தப்பா அணைக்காத கணினி

மாலை ஐந்து ஐம்பதுக்கு அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளுவார். உடனே எழுந்துவிட மாட்டார். முதலில் மானிட்டரை மட்டும் அணைப்பார். கால்மாட்டில் இருக்கும் பெட்டி உறுமிக்கொண்டே இருக்கும். பிறகு மூச்சு வாங்கக் குனிந்து, சுவர் ஸ்விட்சின் மேல் குறுக்காக ஒட்டியிருக்கும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைக் கட்டைவிரல் நகத்தால் இடமிருந்து வலமாக ஒரு தடவை, வலமிருந்து இடமாக ஒரு தடவை அழுத்தித் தேய்ப்பார். முனை எழும்பியிருந்தால் எச்சில் தொட்டு ஒட்டுவார். எச்சிலுக்கு அது ஒட்டாது. இருபத்தேழு வருடம் வேலை பார்த்த மனிதருக்கு இது தெரியாமல் இல்லை. பிறகு பெட்டியின் மேல் ‘தொடாதே’ என்று எழுதிய அட்டையை நிமிர்த்தி வைத்து, கதவருகே போய் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார், தூங்குகிற குழந்தையை விட்டுப் போகிறவர் மாதிரி. அந்தப் பார்வையில் கால் பங்கைக்கூட அவர் தன் மனைவிக்குக் கொடுத்து நான் பார்த்ததில்லை. அவர் வீட்டு மாடியில் பதினோரு மாதம் குடியிருந்தவன் நான்.

அந்தப் பெட்டியில் அப்படி என்னதான் இருந்தது என்று கேட்டால், அணைத்தால் காணாமல் போகக்கூடிய நாற்பது டேபிள்கள், அதாவது தகவல் அட்டவணைகள்.

எங்கள் நிறுவனம் மருந்துக் கடைகளுக்குச் சரக்கு அனுப்புவது. எங்களுக்கு இரண்டு கிடங்குகள். ஒன்று பின்கட்டில், தகரக் கூரையோடு, எலிகளோடு இருந்தது. இன்னொன்று தரவுக் கிடங்கு. எந்த மருந்து, எந்த பேட்ச், எந்தக் கடைக்கு, எந்தத் தேதியில் போனது என்பதெல்லாம் கோடிக்கணக்கான வரிகளாக அதற்குள் கிடக்கும். மூன்றாம் மாடியில் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்து அதைக் கேள்வி கேட்போம், அது பதில் சொல்லும். எங்கள் வேலை அவ்வளவுதான். இரண்டாவது கிடங்கில் எலி இல்லை என்று வேலைக்குச் சேர்ந்த அன்று ஒருவர் சொன்னார். அவர் இன்னும் சித்தப்பாவைப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

சித்தப்பா என்பது உறவும்தான், பட்டப்பெயரும்தான். மேனேஜர் அவருடைய சொந்த அண்ணன் மகன். கூட்டம் என்றும் பார்க்காமல் அவன் “சித்தப்பா, அதை எடுங்க” என்பான். அவன் அப்படிக் கூப்பிடுகிறான் என்று வாசல் காவலாளி முதல் வேன் ஓட்டுநர் வரை எல்லோரும் அப்படியே கூப்பிட்டார்கள். அவரும் மறுக்கவில்லை. மேனேஜருக்குச் சித்தப்பா என்றால் மற்றவர்களுக்கும் சித்தப்பா என்ற கணக்கு அவருக்குப் பிடித்திருந்தது.

தட்டச்சராகச் சேர்ந்தவர். பேரேடுகள் இருந்த காலத்தில் அலமாரிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கேட்டவர்களை அரை மணி நேரம் நிற்க வைத்து எடுத்துக் கொடுத்தவர். பேரேடு போய்க் கணினி வந்தபோது பாவம் சாவி போயிற்று. இனி எதை வேண்டுமானாலும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றதும் மனிதர் இரண்டு வருடம் வாடிப்போய்த் திரிந்தாராம். பிறகு ஒருநாள் ஒரு பயிற்சி வகுப்பில் டெம்ப் டேபிளைப் பற்றிச் சொன்னார்கள். அன்றிலிருந்து அவருக்கு மறுபடி பசி எடுத்தது.

டெம்ப் டேபிள் என்பது சின்ன வசதி. பொது டேபிள் பெரியது, மெதுவானது. ஒரு கணக்குக்காக அதிலிருந்து நமக்கு வேண்டியதை மட்டும் நகல் எடுத்துத் தனியாக வைத்துக்கொள்ளலாம். அந்த நகல் நம் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். கிடங்குக்குள் ஒருமுறை நுழைந்து வெளியேறும் வரை ஒரு செஷன்; செஷன் முடிந்து நாம் வெளியேறியதும் நகல் தானாக அழிந்துவிடும். காலையில் போட்டு மத்தியானம் தூக்கி எறிகிற சமாச்சாரம். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தோம்.

சித்தப்பாவுக்குப் பிடித்தது ‘நம் கண்ணுக்கு மட்டும்’ என்கிற பகுதி. அழிந்துவிடும் என்பது பிடிக்கவில்லை. அதனால் அவர் வெளியேறுவதை நிறுத்திவிட்டார். பத்து நிமிடம் எதுவும் கேட்காமல் இருந்தால் கிடங்கே நம்மை வெளியே தள்ளிவிடும். அதற்கும் வழி செய்தார். எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை அவர் கணினி தானாகக் கிடங்கிடம் ஒரு கேள்வி கேட்கும்: ஒன்று எவ்வளவு? கிடங்கு சொல்லும்: ஒன்று. இரவு பகலாக, ஞாயிற்றுக்கிழமையிலும், ஒன்று எவ்வளவு, ஒன்று. உலகத்தில் இதைவிட வெறுமையான உரையாடலை நான் கேட்டதில்லை, அவர் அண்ணன் மகனோடு பேசுவதைத் தவிர.

வீட்டிலும் அவர் அப்படித்தான். தண்ணீர் மோட்டார் எந்த ஸ்விட்சில் ஓடும், சிலிண்டர் புத்தகம் எங்கே, மாடிக் கதவின் இரண்டாவது சாவி எந்த டப்பாவில் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மட்டும்தான் தெரியும். ஒருநாள் என் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று கீழே போய்ச் சொன்னேன்.

“அவரு வரட்டும் தம்பி” என்றார் அவர் மனைவி.

“நீங்க போட முடியாதாக்கா?”

“எனக்கு எங்க தெரியும்? கல்யாணமாகி இருபத்தி நாலு வருஷம். இந்த வீட்ல எது எங்க இருக்குன்னு அவருக்கு மட்டும்தான் தெரியும். அவரு வெளிய போனா வீடே காணாமப் போயிடும்.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். “போன மாசம் காய்ச்சல்னு ரெண்டு நாள் படுத்தாரே, ஆபீஸ்லேர்ந்து பதினாலு போன். ஒவ்வொரு போனுக்கும் காய்ச்சல் எறங்குது. பதினஞ்சாவது வந்திருந்தா எழுந்து ஆடியிருப்பாரு.”

எங்கள் பிரிவின் மூன்றாவது ஆள் ஒரு பெண். ஒப்பந்தத்தில் வேலை பார்த்தவள். வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். மூன்று வருடம் முடிந்தால் நிரந்தரம். நான் சொல்லப்போகும் மாதத்தின் கடைசியில் அவளுக்கு மூன்று வருடம் முடிகிறது. மகளை அடுத்த தெருப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருந்தாள், வேலை நிலைக்கும் என்ற தைரியத்தில். இதெல்லாம் சித்தப்பாவுக்குத் தெரியும். அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

“ஏம்மா ஒப்பந்தம், அந்த ஜன்னலைச் சாத்து” என்பார்.

அவள் சாத்துவாள். சாத்திவிட்டு, “சாத்திட்டேன் சித்தப்பா. இது பர்மனென்ட்டா, இல்ல சாயந்தரம் திறந்துக்கலாமா?” என்பாள். அவருக்குப் புரிய மூன்று வினாடி ஆகும். அதற்குள் அவள் திரும்பித் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவள் கணக்குகள் மெதுவானவை. பொது டேபிளிலேயே கேட்பாள். நாலு நிமிடம் ஆகும். எப்படிக் கேட்டாள் என்று எழுதி எல்லோரும் பார்க்கிற இடத்தில் வைப்பாள். சித்தப்பாவின் அறிக்கைகள் எட்டு வினாடியில் வந்து விழும். எப்படி வந்தன என்று யாருக்கும் தெரியாது. மேனேஜருக்கு வேகம் பிடிக்கும். வாராவாரம் எந்த வழித்தடத்தில் இதுவரை மொத்தம் எத்தனை கடைகளுக்குச் சரக்கு போயிற்று என்று சித்தப்பா ஓர் அறிக்கை கொடுப்பார். ஐந்து வாரமாக அதில் ஒரே எண்கள் வந்துகொண்டிருந்தன. மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, “ரொம்ப ஸ்டெடியா இருக்கு சித்தப்பா, சூப்பர்” என்றான். சித்தப்பா அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அடக்கம் எனக்கு இன்னும் குமட்டுகிறது.

அந்த மாதம் இருபதாம் தேதி காலை உற்பத்தியாளரிடமிருந்து அவசரக் கடிதம் வந்தது. கண்ணில் விடும் சொட்டு மருந்தில் ஒரு பேட்ச்சில் மூடியின் சீல் சரியில்லை, கிருமி புகுந்திருக்கலாம், போன கடைகளிலிருந்தெல்லாம் உடனே திரும்ப எடுக்க வேண்டும். எந்தெந்தக் கடை என்ற பட்டியல் பன்னிரண்டு மணிக் கூட்டத்துக்குள் தேவை என்று மேனேஜர் கீழிருந்து கத்தினான்.

எட்டு வினாடியில் சித்தப்பா கொடுத்துவிட்டார். நூற்று எழுபத்தொரு கடைகள். ஐந்து நிமிடம் கழித்து அவள் பட்டியல் வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு.

அவள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு நாற்காலியை என் பக்கம் உருட்டிக்கொண்டு வந்தாள்.

“அவரு லிஸ்ட்ல இல்லாத நாப்பத்தியொரு கடையையும் பாத்தேன். எல்லாத்துக்கும் சரக்கு போனது போன மாசம் பன்னெண்டாம் தேதிக்கு அப்புறம். ஒண்ணுகூட முன்னாடி இல்ல. சித்தப்பா கடைசியா எப்ப லாக்-அவுட் பண்ணாரு?”

எனக்குத் தெரியும். போன மாதம் பன்னிரண்டாம் தேதி மின்சாரம் போய்க் கணினி அணைந்தது. மனிதர் அன்று பூராவும் யாரோடும் பேசாமல் உட்கார்ந்து எல்லா நகல்களையும் திரும்ப உருவாக்கினார்.

“முப்பத்தெட்டு நாள் ஆச்சு” என்றேன்.

“அப்ப அதான். அனுப்புதல் டேபிளை நகல் எடுத்து, நகலுக்கும் அதே பேரையே வச்சிருக்காரு.”

நடந்தது இதுதான். நகலுக்கும் பொது டேபிளின் பெயரையே வைத்தால், பழைய கேள்விகள் எதையும் திருத்தி எழுத வேண்டாம். அதே கேள்வி, வேகமான பதில். சோம்பேறிகளுக்கு வசதி. ஆனால் அப்படி ஒரே பெயரில் இரண்டு இருந்தால், அவர் கேட்கும்போது கிடங்கு அவருடைய நகலைத்தான் பார்க்கும்; பொது டேபிள் அவருக்கு மட்டும் மறைந்துவிடும். மற்ற நகல்களை அவ்வப்போது புதுப்பித்தவர் இதை மறந்துவிட்டார். முப்பத்தெட்டு நாளாக அவருக்குப் பன்னிரண்டாம் தேதிக்குப் பிறகு உலகமே நடக்கவில்லை. அறிக்கை ‘ஸ்டெடியாக’ இருந்ததன் ரகசியமும் அதுதான்.

“கூட்டத்துல சொல்லிடு” என்றேன்.

“ஐயோ, எல்லார் முன்னாடியும் வேணாம். மனுஷன் கூசிப்போயிடுவாரு. இப்பவே தனியா சொல்லிடறேன். அவரே மாத்திக்கட்டும்.”

மணி பதினொன்று இருபது. அவர் மேஜை ஓரம் போய் நின்று, தாழ்ந்த குரலில், பட்டியலைக் காட்டிச் சொன்னாள். நான் இரண்டு மேஜை தள்ளி இருந்தேன்; எல்லாம் கேட்டது. அவர் முகம் மாறவில்லை. காதை மட்டும் தேய்த்துக்கொண்டார்.

“நீ போம்மா. நான் பாக்கறேன்.”

“ஒரே நிமிஷம்தான் சித்தப்பா. வெளிய போயிட்டுத் திரும்ப உள்ள வந்து கேட்டீங்கன்னா உங்களுக்கும் இதே நம்பர்தான் வரும்.”

“பாக்கறேன்னு சொன்னேன்ல?”

அவள் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அவர் ஒரு போன் பேச வேண்டும் என்று கைப்பேசியைக் காதில் வைத்தபடி கீழே இறங்கிப் போனார். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது திரும்பி வந்தார். முகம் கழுவியிருந்தார். மேஜையைத் தொடக்கூட இல்லை. நேராகக் கூட்ட அறைக்குள் போய் மேனேஜருக்கு வலப்பக்கம் உட்கார்ந்துகொண்டார்.

வேன்களை அனுப்புகிறவர், மேனேஜர், நாங்கள் மூவர். அவ்வளவுதான் கூட்டம். மேனேஜர் இரண்டு தாள்களையும் தூக்கிக் காட்டினான்.

“என்ன இது, ஆளுக்கொரு நம்பர்? வேன் எத்தனை கடைக்குப் போகணும்? சித்தப்பா?”

“நூத்தி எழுபத்தியொண்ணு.”

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். தனியாகச் சொன்னது வீணாகிவிட்டது என்று அவளுக்குப் புரிந்த நொடியை நான் பார்த்தேன். முகத்தில் கோபம் வரவில்லை. ஒரு மாதிரி வியப்பு வந்தது.

“சார், அவரோட செஷன்ல பழைய நகல் இருக்கு. அதனாலதான் குறைச்சலா வருது. அவரு ஒரு தடவை லாக்-அவுட் பண்ணிட்டு வந்தா போதும்.”

“லாக்-அவுட்டா?” சித்தப்பா சிரித்தார். “பண்ணிடலாமே. நாப்பது டேபிள் இருக்கு உள்ள. மாசக் கடைசி அறிக்கை பூராவும் அதுலதான். எல்லாம் போயிடும். தம்பி, நீ சொல்லு, பண்ணிடட்டுமா?”

தம்பி என்றது மேனேஜரை. கூட்டத்தில் அவர் அப்படிக் கூப்பிடுவது அபூர்வம். உறவை நினைவுபடுத்த வேண்டிய நேரத்துக்கென்று சேமித்து வைத்திருப்பார்.

“வேணாம் வேணாம்” என்றான் மேனேஜர் பதறி.

“அப்ப என் மெஷின்ல, அவரோட பேர்ல உள்ள போயிப் பாக்கலாம் சார். புது செஷன். அவரோடது அப்படியே இருக்கும்” என்றாள் அவள்.

“என் பாஸ்வேர்டை ஒப்பந்த ஆளுங்க மெஷின்ல போடணுமா? நல்லா இருக்கே கதை.” சித்தப்பா வேன் அனுப்புகிறவரைப் பார்த்துக் கண்ணடித்தார். “பாப்பா ரெண்டு டேபிளைச் சேக்கும்போது சில கடையை ரெட்டையா எண்ணிடுச்சு. புதுசா வர்றவங்க எல்லாரும் பண்றதுதான். மூணு வருஷம் ஆச்சு, இன்னும் புதுசாவே இருக்குது, அதான் கஷ்டம்.”

“ரெட்டையா இருந்தா ஒரே கடை ரெண்டு தடவை வரணும் சித்தப்பா. இருநூத்திப் பன்னெண்டும் வேற வேற கடை. வேணும்னா பேரைப் படிக்கட்டுமா?”

“படிம்மா. பன்னெண்டரை வரைக்கும் படி. வேன் நிக்கட்டும்.”

வேன் அனுப்புகிறவர் சிரித்தார். மேனேஜரும் சிரித்தான். அவள் என் பக்கம் திரும்பினாள். முப்பத்தெட்டு நாள் என்று சொன்னவன் அங்கே உட்கார்ந்திருந்தான் இல்லையா? நான் பேனா மூடியைத் திறந்து மூடினேன். அது ஒழுங்காகத்தான் மூடியது. அன்று அந்த அறையில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அது.

“எட்டு செகண்டுல சித்தப்பா கொடுத்தது கரெக்டா இருக்கும்” என்று மேனேஜர் எழுந்தான். “நூத்தி எழுபத்தியொண்ணுக்கு அனுப்புங்க. ஏம்மா, இப்படி முக்கியமான நேரத்துல வந்து குழப்பாதீங்க. மாசக் கடைசியில உங்க ஃபைல் வேற என் மேஜைக்கு வரணும்.”

வந்தது. ‘அழுத்தமான சூழலில் துல்லியம் போதாது’ என்று அதில் எழுதியிருந்தது. முப்பதாம் தேதி அவள் தன் தண்ணீர்ப் பாட்டிலையும் ஒரு சிறிய மேஜை விளக்கையும் பையில் போட்டுக்கொண்டாள். சித்தப்பா மரியாதையாக எழுந்து நின்று, “எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்மா” என்றார். முதல் முறையாக அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். தவறாகச் சொன்னார்.

மறுநாள் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கடையிலிருந்து போன் வந்தது. நான்தான் எடுத்தேன்.

“சார், எதிர்க்கடைக்கு உங்க வேன் வந்து கண் மருந்தெல்லாம் எடுத்துட்டுப் போச்சாமே, பத்து நாளுக்கு முன்னாடி. எங்க கடைக்கு எப்ப வரும்? நாங்க வித்துக்கிட்டே இருக்கோமே.”

அவள் விட்டுப்போன தாள் என் இழுப்பறையில் இருந்தது. அந்தக் கடை நாற்பத்தொன்றில் பதினேழாவது. அன்று மத்தியானம் வேன்கள் மறுபடி கிளம்பின. பதினோரு நாளில் அந்தக் கடைகளில் முந்நூற்றுச் சொச்சம் புட்டிகள் விற்றிருந்தன. வாங்கியவர்களின் கண்கள் என்ன ஆயின என்று சொல்ல எங்கள் கிடங்கில் எந்த டேபிளும் இல்லை. உற்பத்தியாளருக்கு மேனேஜர் எழுதிய கடிதத்தில் ‘கணினிக் கோளாறு’ என்றிருந்தது. அவளைத் திரும்பக் கூப்பிடலாமே என்று நான் ஒரு மின்னஞ்சல் எழுதினேன். நான்கு முறை திருத்தினேன். வாக்கியங்கள் நன்றாக வந்திருந்தன. அனுப்பவில்லை.

சித்தப்பாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த வாரம் ஒருநாள் மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், தானே வெளியேறித் தானே உள்ளே வந்து எல்லா நகல்களையும் புதிதாக உருவாக்கிக்கொண்டார். அறிக்கையில் எண்கள் மாறின. “பிசினஸ் பிக்கப் ஆகுது” என்றான் மேனேஜர். மறு வருடம் அவருக்குப் பதவி உயர்வு கொடுத்துக் கண்ணாடித் தடுப்பு போட்டுக் கொடுத்தார்கள். அதே மாதம் நான் அவர் வீட்டு மாடியைக் காலி செய்தேன். அக்கா மட்டும் வாசல் வரை வந்தார். “அந்தப் பொண்ணு வேலைய விட்டுடுச்சாமே, அவசரப்பட்டுடுச்சுன்னு வருத்தப்பட்டாரு” என்றார்.

அவர் வேண்டுமென்று செய்யவில்லை என்றுதான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். பிடிவாதம், பயம், அறியாமை. தன் நகலையே உலகம் என்று நம்பிய மனிதர். கேவலம்தான், ஆனால் சாதாரணக் கேவலம். அவள் சொன்னதை அவர் நம்பியிருக்க மாட்டார் என்று நினைத்தேன்.

போன வருடம் பழைய கிடங்கை மூடிவிட்டுப் புதியதற்கு மாறினோம். யார், எந்தக் கணினியிலிருந்து, எத்தனை மணிக்கு, என்ன கேட்டார்கள், எத்தனை வரிகள் பதிலாக வந்தன என்று பழைய கிடங்கு தனக்குள் ஒரு பதிவு வைத்திருந்தது. அதை இடம் மாற்றும் வேலை எனக்கு வந்தது. அந்த இருபதாம் தேதியைத் தேடி எடுத்தேன். காலை 11.36, தரைத்தளத்து வரவேற்பு மேஜைக் கணினியில் சித்தப்பாவின் பெயரில் ஒரு புதிய செஷன் திறந்திருக்கிறது. அதே பேட்ச், அதே கேள்வி. திரும்பி வந்த வரிகள் 212. இரண்டு நிமிடம் கழித்து அதையே இன்னொரு முறை கேட்டிருக்கிறார். 212. 11.41க்கு வெளியேறியிருக்கிறார்.